திருத்துவதா? மாற்றுவதா?

 

வாடைக்காற்று அடங்கி, சோளகம் இன்னும் தொடங்காத சித்திரை மாதத்து இரவுகளை யாழ்ப்பாணத்தில் கழித்தவர்களுக்கு நான் எதுவும் விளக்கத் தேவையில்லை. ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் இலங்கையின் உச்சிக்கு நேராகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து செல்கிறது. யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வருவது அதன் கடைசி நாட்களில். பகலெல்லாம் வெந்த கொங்கிரீட் தட்டு இரவு முழுவதும் அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். முற்றத்துத் தென்னையில் ஓர் ஓலையும் அசையாது. மின்விசிறி சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

அப்படியோர் இரவில், இஷாத் தொழுகைக்குப் பிறகு, ராத்தா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஏ.சி. ஓடுது. ஆனால் குளிர் வருகுதில்லை. உம்மா கண்ணை மூடவே இல்லை. ஒருக்கா வந்து பாரன்" என்றார்.

உம்மாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. படுக்கையோடு இருக்கிறார். அந்த வயதில் உடம்பு வியர்த்துத் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் சக்தி குறைந்துவிடும். தாகமும் சரியாகத் தெரியாது. முதுகில் புண் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. ஆகவே அந்த வீட்டில் ஏ.சி. ஆடம்பரம் அல்ல. மருந்துப் போத்தலைப் போல அதுவும் ஒரு தேவை.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகியிருந்தன. கட்டாரில் தொழில் செய்யும் மருமகன், "பதின்மூன்று வருசத்துச் சாமான், மாமா. கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ, நான் காசு அனுப்புறன்" என்று தொலைபேசியில் சொன்னார். ராத்தா ஒரே வசனத்தில் பதில் சொன்னார்: "அது அவர் வாங்கித் தந்தது."

அவர் என்றது மௌத்தாகிவிட்ட என் மச்சானை. புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, இடிந்து கிடந்த வீட்டைக் கட்டி முடித்த பிறகு, 2012ஆம் ஆண்டில் அவர் ஆசையோடு வாங்கிப் பூட்டிய பெட்டி அது. ராத்தாவின் பதிலுக்குப் பின்னால் இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சில மணி நேர அவகாசத்தில், சோனகத் தெருவையும் அதன் சுற்றுப்புறங்களையும் விட்டு நாங்கள் வெளியேற்றப்பட்டோம். அப்போது எனக்குப் பத்து வயது. தையல் இயந்திரம், வானொலி, செம்புப் பாத்திரங்கள், வாப்பாவின் கைக்கடிகாரம் என்று எல்லாமே போயின. ஒரே நாளில் அத்தனையையும் விட்டுவிட்டு நடந்த மனிதர்களிடம் போய், "பழசு, எறிந்துவிடு" என்று சொல்லுவது இலேசான காரியமல்ல. எங்கள் வீடுகளில் உடைந்த கதிரைகூட ஒரு மூலையில் பத்திரமாக இருக்கும்.

இரு கட்சிக்கும் நடுவில் என்னை நீதிபதியாக்கினார்கள். எனக்கோ ஏ.சி.யைப் பற்றி அரைகுறை அறிவுதான் இருந்தது. அந்த அரைகுறை அறிவால் என் வீட்டில் நானே ஒரு தவறு செய்திருந்தேன் என்பதும் அடுத்த நாள்தான் தெரியவந்தது.

குளிர் எங்கிருந்து வருகிறது?

மறுநாள் காலையில் ஏ.சி. திருத்தும் தம்பி ஒருவரை அழைத்து வந்தேன். அதிகம் பேசாத, ஆனால் கேட்டால் பொறுமையாக விளக்கும் பிள்ளை. பெட்டியைத் திறக்கும் முன்னர் ராத்தாவிடம் அவர் கேட்ட முதற்கேள்வி, "கடைசியா எப்ப காஸ் போட்டனீங்கள்?" என்பது.

"போன வருசம். அதுக்கு முதல் வருசமும் போட்டது. இந்த மாசியிலும் ஒருக்காப் போட்டது. காஸ் முடிஞ்சு போகுதாம்."

அந்தத் தம்பி சிரித்துவிட்டார். "அம்மா, இது காஸ் குடிக்கிற சாமான் இல்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் மாதிரி இதுக்குக் காஸ் செலவாகாது. குறையுதெண்டால் எங்கையோ ஒழுகுது எண்டுதான் அர்த்தம்."

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஏ.சி. குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். உள்பெட்டியில் செப்புக் குழாய்களால் ஆன ஒரு கொயில். அதற்குள் வாயு திரவமாக வந்து ஆவியாகும்போது அறையின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வெளிப்பெட்டியிலுள்ள கொம்பிரஸர் அந்த ஆவியை இழுத்து அமுக்க, அது கடுஞ்சூடாகி வெளிக்கொயிலில் சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். பிறகு மீண்டும் உள்ளே வரும். இது மூடிய வட்டம். எங்கும் ஓட்டை இல்லாவிட்டால், பூட்டிய நாளில் ஊற்றிய அதே வாயு பதினைந்து வருடமும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே, "காஸ் முடிந்துவிட்டது, போட வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், "எங்கே ஒழுகுகிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் காஸ் போடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றது. ராத்தா வீட்டில் மூன்று முறை அப்படித்தான் அள்ளியிருந்தார்கள். அந்த மூன்று முறைக்கும் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால் புதிய பெட்டியின் விலையில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு வந்தது.

ஒரே வயது, இரு வேறு நோய்

அந்தத் தம்பி வந்த வேளையில் என் வீட்டு ஏ.சி.யையும் பார்க்கச் சொன்னேன். அதுவும் ஏறக்குறைய அதே வயது. அதுவும் சரியாகக் குளிர்வதில்லை. ராத்தாவின் பெட்டிக்கு என்ன தீர்ப்போ அதுவே இதற்கும் என்று மனத்தில் முடிவு கட்டியிருந்தேன்.

தூசி வலையைக் கழற்றியபோது அது கம்பளி போல மூடிக் கிடந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. வெளிப்பெட்டியைத் திறந்தபோது அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. "இதைக் கிணத்துத் தண்ணியாலயா கழுவினனீங்கள்?" என்று கேட்டார். ஆம் என்றேன். நல்ல காரியம் செய்வதாக நினைத்து மாதந்தோறும் வாளியால் அள்ளி ஊற்றியவன் நானே. எங்கள் குடாநாட்டு நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரையோரக் கிணறுகளில் உவர் வேறு. அந்தத் தண்ணீர் காய்ந்ததும் சுண்ணாம்பும் உப்பும் தகடுகளுக்கு இடையில் அடைத்துக்கொள்ள, சூடு வெளியேற வழியில்லாமல் போகிறது. சேமித்து வைத்த மழைத் தண்ணீரே இதற்கு நல்லது என்றார்.

இரண்டாவது குறை, ஊதிப் போயிருந்த கப்பாசிட்டர். கொம்பிரஸரும் விசிறியும் புறப்படுவதற்கு உந்துதல் கொடுக்கும் சிறிய உருளை அது. விலை சொற்பம். மாற்றி, கழுவித் துடைத்து ஓடவிட்டதும் பழையபடி குளிர்ந்தது. அன்றைக்கு நான் கடைக்குப் போயிருந்தால், சாகாத ஒன்றை அடக்கம் செய்திருப்பேன்.

ராத்தாவின் பெட்டியில் நிலைமை வேறு. வீடு கடலேரியின் பக்கம். வெளிப்பெட்டி சோளகக் காற்று நேரே வந்து அடிக்கும் சுவரில் பூட்டப்பட்டிருந்தது. உப்பு ஏறிய காற்று பதின்மூன்று வருடமாகத் தின்றதில், தகடுகள் விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தன. கொயிலின் அடிப்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு தெரிந்தது. வாயு வெளியேறும் இடத்தில் கொம்பிரஸர் எண்ணெயும் கூடவே கசியும் என்பதால் அது ஒரு நல்ல அடையாளமாம். சவர்க்கார நுரை தடவியபோது ஓரிடத்தில் அல்ல, மூன்று இடங்களில் குமிழி கிளம்பியது.

"ஒரு ஓட்டையெண்டால் பற்றவைச்சுத் தரலாம். இது முழுக்க இத்துப்போச்சு. இண்டைக்கு மூண்டை அடைச்சால் ஆறு மாசத்தில நாலாவது வரும்" என்றார் அந்தத் தம்பி. புதிய கொயில் போடலாம். ஆனால் அந்த மாதிரிக்கு உதிரிப்பாகம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலியோடு சேர்த்துப் புதியதின் விலையில் பாதியைத் தாண்டும்.

வயதைப் பார்த்து முடிவு செய்திருந்தால் இரண்டில் ஒரு வீட்டிலாவது தவறியிருப்போம். தூசி, கப்பாசிட்டர், விசிறி மோட்டார், தண்ணீர் வடியும் குழாயின் அடைப்பு, ரிமோட் கோளாறு: இவை பத்து வருடப் பெட்டியிலும் திருத்தத் தக்கவை. இத்துப்போன கொயில், எரிந்துபோன கொம்பிரஸர்: இவை பழைய பெட்டியில் வந்தால் மாற்றுவதே சிக்கனம். காப்புறுதிக் காலத்துக்குள் வந்தால் அது வேறு கதை. பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு விற்ற கடைக்குப் போங்கள்.

ஆர்-22 என்ற எழுத்து

வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்த வாயு என்று எழுதியிருக்கும். ராத்தாவின் பெட்டியில் 'ஆர்-22' என்று இருந்தது. தீர்ப்பை உறுதிப்படுத்தியது அந்த எழுத்துத்தான்.

நமக்கு மேலே, சூரியனின் கடும் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலம் இருக்கிறது. குளிரூட்டிகளில் பயன்பட்ட வாயுக்கள் அதை அரிப்பதைக் கண்டு, 1987இல் மொண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. ஓசோனை அரிக்கும் வாயுக்களில் ஆர்-22ம் ஒன்று. புவி வெப்பத்தைப் பொறுத்தவரை கரியமில வாயுவைவிட சுமார் 1,800 மடங்கு வலிது. எங்களைப் போன்ற வளர்முக நாடுகள் 2030ஆம் ஆண்டோடு இதன் புதிய பாவனையை நிறுத்த வேண்டும். அதன் பிறகு பழைய இயந்திரங்களின் திருத்த வேலைக்கு மாத்திரம் சிறிதளவு சில காலம் அனுமதிக்கப்படும். வரவரக் கிடைப்பது அருகும், விலை ஏறும். ஒழுகும் ஆர்-22 பெட்டிக்கு வருடாவருடம் காஸ் போடுவது, கைக்காசையும் கொடுத்து ஆகாயத்தையும் கெடுக்கும் வேலை.

"வேறு காஸ் போடலாமே?" என்று சிலர் கேட்பார்கள். அது ஆபத்து. ஆர்-410ஏ என்ற வாயு ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான அமுக்கத்தில் ஓடுவது. பழைய குழாயும் கொம்பிரஸரும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல, எண்ணெயும் வேறு. ஆர்-32 தீப்பற்றக் கூடியது. அதற்கென்றே செய்த பெட்டியில் பாதுகாப்பானது, பழையதில் அப்படியல்ல. தகட்டில் எழுதியிருப்பதைத் தவிர வேறெதையும் போட விடாதீர்கள். நேர்மையான திருத்துநர் தானாகவே மறுத்துவிடுவார்.

மின்பட்டியல் சொல்லும் சாட்சி

மாற்றுவதா என்ற கேள்விக்கு இன்னொரு சாட்சி மின்பட்டியல். நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு ஒரு கட்டண வரிசை. அதிலும் 180 அலகுக்கு மேலே செல்பவைக்குக் கடைசிப் படி, மிக உயர்ந்த விலை. விளக்கும் விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் கீழ்ப்படிகளை நிரப்பிவிடுவதால், ஏ.சி. இழுக்கும் அலகுகள் பெரும்பாலும் மேற்படிகளிலேயே விழுகின்றன. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் கூட்டப்பட்டபோது பல வீடுகளில் ஏ.சி. அலுமாரி போல வெறுமனே சுவரில் தொங்கியது நினைவிருக்கும். பிறகு கட்டணம் குறைந்தும் ஏறியும் வந்தாலும், படிமுறை மாறவில்லை.

ராத்தாவின் பெட்டி 18,000 பி.ரி.யு. கொண்டது. உம்மாவின் அறையோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. அந்த அறைக்கு 9,000 போதும். பெரியது வாங்கினால் நன்றாகக் குளிரும் என்று மச்சானுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரிய பெட்டி அறையைச் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும். ஈரலிப்பை எடுக்க நேரம் கிடைக்காது. சற்று நேரத்தில் மறுபடி புறப்படும். இப்படி நின்று நின்று ஓடுவதில் மின்சாரமும் போகும், இயந்திரமும் தேயும். எட்டு மணி நேர இரவுக்கு அது சுமார் ஏழு அலகு இழுத்தது என்றால், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகைச் சிறிய பெட்டி ஏறக்குறைய பாதியில் அந்த வேலையை முடிக்கும். மாதத்துக்கு நூறு அலகு மிச்சம் என்று வைத்து, உங்கள் பட்டியலின் கடைசிப்படி விலையால் பெருக்கிப் பாருங்கள். வருடம் முழுவதும் ஒவ்வோர் இரவும் ஓடும் வீட்டில் புதிய பெட்டி தன் விலையைச் சில வருடங்களில் திருப்பித் தந்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. விருந்தாளி வந்தால் மட்டும், அல்லது சித்திரை வைகாசியில் சில இரவுகள் மட்டும் போடுபவர்கள், மின்சாரம் மிச்சம் என்று புதியதை வாங்கினால் அந்தப் பணம் பத்து வருடத்திலும் திரும்பி வராது. ஓடும் பழைய பெட்டியைத் துடைத்து ஓட்டுவதே அவர்களுக்குப் புத்தி.

புதியது வாங்குவதற்கு முன், அறைக்குள் சூடு வரும் வழியையும் அடைத்துப் பாருங்கள். தட்டின் மேலே வெள்ளைப் பூச்சு அல்லது ஒரு கிடுகுப் பந்தல், மேற்கு யன்னலுக்குத் தடித்த திரை, கதவின் அடியில் உள்ள இடைவெளிக்கு ஒரு துணி: இவற்றின் செலவு அற்பம். வெளிப்பெட்டியைக் கடற்காற்று நேரே படாத சுவரில், நிழலில் பூட்டுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் பாதுகாப்புக் கருவி அவசியம். நாடெங்கும் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த 2022 மார்ச் மாத இறுதியில், மின்சாரம் திரும்பிய அந்தக் கணத்திலேயே பழுதான சாதனங்கள் எத்தனையோ.

கையில் காசில்லாவிட்டால் அவசரப்படாதீர்கள். நகையை அடகு வைத்தோ வட்டித் தவணையிலோ வாங்கிய குளிரில் நிம்மதியான உறக்கம் வராது. மருமகனிடமும் நான் சொன்னேன்: "மகன், உங்கள் கையில் மிச்சம் இருந்தால் அனுப்புங்கள். கடன் வாங்கி அனுப்ப வேண்டாம்." இரண்டு மாதத்தில் சிறுகச் சேர்த்து அனுப்பினார். அதுவரை என் வீட்டில் திருத்திய பெட்டியைக் கழற்றி உம்மாவின் அறையில் பூட்டினோம். நாங்கள் மாடத்தில் பாய் விரித்துப் படுத்தோம்.

கழற்றியதை என்ன செய்வது?

கடைசியாக ஒரு விடயம். பழைய பெட்டியைக் கழற்றும்போது குழாயை வெட்டி மிச்ச வாயுவை ஆகாயத்தில் விடுவது பலருடைய வழக்கம். அப்படிச் செய்யவிடாதீர்கள். சிலிண்டரில் பிடித்து எடுக்கும் கருவி இருக்கிறது. அது உள்ளவரா என்று கேட்டு அழையுங்கள்.

விற்பதானால் குறையைச் சொல்லி விற்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தை வெளியே எடுத்துக் காட்டிக் கண்டித்த நிகழ்ச்சி நாமெல்லாரும் அறிந்ததே. இன்றைக்குப் புதிதாகக் காஸ் அடித்து, நாலு நாள் குளிர வைத்து, "நல்ல பெட்டி" என்று ஒரு ஏழைக் குடும்பத்தின் தலையில் கட்டுவதும் அதே ஈரத்தானியந்தான்.

ராத்தாவின் பெட்டியை அந்தத் தம்பி கழற்றிய அன்று, ராத்தா அறைக்குள் வரவில்லை. குசினியிலேயே நின்றார். எல்லாம் முடிந்த பிறகு தம்பி வந்து, "அம்மா, கொயில்தான் போச்சு. விசிறி மோட்டார் இன்னும் நல்லாயிருக்கு. இதே மாதிரிப் பெட்டி ஒண்டு மோட்டார் இல்லாமல் ஒரு வீட்டில நிக்குது. அங்கயும் வயசுபோன ஒரு ஆள் படுக்கையில. எடுக்கலாமோ?" என்று கேட்டார்.

ராத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "காசு வேண்டாம். அவர் பெயரால் குடுங்கோ" என்றார்.

தம்பிக்கு ஒரு கோப்பை தேநீரும் வட்டிலப்பத் துண்டொன்றும் வந்தன. உள்ளே உம்மா உறங்கிக்கொண்டிருந்தார்.